அது அழுகையில்லை என்று நிரூபித்தேன்

நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன வருடம் ஆவணியில் சிறுபோக அறுவடை தொடங்கி இந்த வருடம் பங்குனி முடியும்வரை நான் அழுதுகொண்டிருந்தேன் என்றுதான் என் மகள் நம்பியிருந்தாள். அவள் கலியாணம் முடித்து சுவிஸுக்குப் போனவள். எங்களுக்கு ஒரே பிள்ளை. நானும் மனுசியும் இங்கே கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோவில் வருவாள். அப்படி ஒரு ஞாயிறு, கதையை நடுவில் நிறுத்திவிட்டு, போனுக்குள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் அழுறியள்?"

"ஆர் அழுறது?"

"கண்ணால ஓடுது."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று காலையில்தான் எங்கள் வயலில் அறுவடை மெஷின் இறங்கியிருந்தது. சோளகக் காற்று நெல்லுச் சுனைத் தூசை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே சில கிழமைகளாகக் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல அறுத்துக்கொண்டிருந்தது. "தூசு பிள்ளை," என்றேன். அவள் நம்பவில்லை. அழுகையை மறைக்க ஆண்கள் எப்போதும் சொல்கிற பொய் அதுதானே. உண்மையைச் சொல்லியும் பொய்யனானேன்.

மனுசி அழுதிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவள் போனைக் கையில் எடுத்ததும் அழுவாள், வைக்கும்போதும் அழுவாள், நடுவில் கத்தரிக்காய் விலை சொல்வாள். மகளுக்கு அது பழக்கம். அந்த அழுகைக்குள்ளேயே கதைத்துக்கொண்டு போவாள். நான் அப்படியல்ல. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களிலும் சரி, அவளைக் கட்டுநாயக்காவில் பிளேன் ஏற்றிவிட்ட அன்றும் சரி, என் கண் நனைந்ததை அவள் பார்த்ததில்லை. ஏற்றிவிட்ட அன்று நாங்கள் வந்த வானை எங்கே நிறுத்துவது என்று சாரதியோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போனதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மனிதனின் கன்னத்தில் தண்ணீர் ஓடியதும் பிள்ளை பயந்துபோனாள்.

அந்தப் பயம்தான் என்னை வாட்டி எடுத்தது. எனக்கும் மகளுக்கும் சண்டைதான் கதை. மருந்தடிக்கும்போது முகத்துக்குத் துணி கட்டினீங்களோ என்பாள். பேரனுக்குச் சோறு குடு, எந்த நேரமும் பாண் துண்டையே குடுக்காதை என்பேன். தரிசாய்க் கிடக்கிற காணியில் பயறு போடச் சொல்லுவாள். சுவிஸில் இருந்துகொண்டு எனக்கு விவசாயம் படிப்பிக்கிறியோ என்று நான் எகிறுவேன். "உங்களோட கதைக்கிறதுக்கு மாட்டோட கதைக்கலாம்" என்று போனை வைப்பாள். அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அந்த ஆறு நாளும் அவளுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று வரப்பில் நின்று யோசிப்பேன். பெரிய சந்தோசம் அது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் குரலே மாறிவிட்டது. "சாப்பிட்டனீங்களோ அப்பா?" "கவனமா இருங்கோ அப்பா." "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அப்பா." ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரிடம் கதைப்பதுபோல மெல்ல மெல்ல. நான் அழப்போகிறேன் என்று தோன்றினால் சட்டென்று, "சரி அப்பா, அம்மாட்டைக் குடுங்கோ" என்பாள். அழுகிற தகப்பனைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. என் கண்ணோ எந்த நேரமும் ஓடியது. ஆகவே என் முறை வந்ததும் முடிந்துவிடும்.

ஒருமுறை வேண்டுமென்றே வாயைக் கிளறினேன். பிறஷர் குளிசையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். விடவில்லை, சும்மா சொன்னேன். பழைய மகளாக இருந்தால் அந்தப் போன் என் காதில் வெடித்திருக்கும். இவள், "பாத்து எடுங்கோ அப்பா," என்றாள். அவ்வளவுதான். என் பிள்ளை எங்கே போனாள் என்று இருந்தது. அவள் சுவிஸுக்குப் போனபோதுகூட இவ்வளவு தூரம் போகவில்லை.

சரி, கண்ணை மாற்றினால் பிள்ளை திரும்பி வருவாள் என்று முடிவு கட்டினேன். ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்! பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளுக்குக் குழந்தை கிடைத்திருக்கிறது, தாய்ப்பால் ரெண்டு சொட்டு வாங்கி விடுங்கோ அண்ணை என்றார். இந்த வயதில் அதற்கெல்லாம் நான் ஆளில்லை என்று ஓடிவந்துவிட்டேன். மனுசி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கண்ணில் வைத்தாள். வைத்திருக்கும்வரை குளிர்ச்சியாக இருந்தது. எடுத்ததும் பழையபடி அறுத்தது. பிறகு நானே பாமசிக்குப் போய், கண் சிவக்கிறது என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். விட்டவுடன் கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். கொஞ்ச நேரத்தில் முன்பிருந்ததைவிட மோசமாகச் சிவக்கும். திரும்ப விடுவேன்.

இதில் உச்சம் என்னவென்றால், மகள் அழைக்கும் நேரம் பார்த்து, கண் நன்றாக இருக்கட்டும் என்று அந்த மருந்தை விட்டுக்கொண்டு உட்காருவேன். எனக்குக் குறி தப்பாமல் விடத் தெரியாது. பாதி உள்ளே போகும், மீதி கன்னத்தால் வழியும். அதே நேரத்தில் போன் அடிக்கும். திரையில் பிள்ளை பார்ப்பது, கண்ணீர் வழிய வழிய உட்கார்ந்திருக்கும் தகப்பனை. சிரிக்காதீர்கள். ஒருநாள் நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அவள் சொன்னாள்: "அப்பா, வைகாசிக்கு வாறன். லீவு கேட்டிருக்கிறன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எல்லாரும் போவம்."

"வந்தால் வா," என்றேன்.

வேறென்ன சொல்வது? அவள் போய் இத்தனை வருடத்தில் வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கால் நிலத்தில் படவில்லை. மேசனைக் கூப்பிட்டு அவளுடைய அறைக்குச் சீமெந்து பூசினேன். நுளம்பு கடிக்காமல் யன்னலுக்கு வலை அடித்தேன். பேரனுக்கு என்று ஒரு சின்னக் கதிரை வாங்கி வந்தேன். அவன் அதில் கொள்ளமாட்டான், அவன் வளர்ந்துவிட்டான் என்று மனுசி சொன்ன பிறகுதான் உறைத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபானுக்கு நேரே உட்கார்ந்து, மகள் அனுப்பிய வீடியோக்களைப் பார்ப்பேன். பேரன் பனியில் விழுந்து எழும்புவது. மகள் குசினியில் ரொட்டி தட்டுவது, தட்டியபடி திரும்பி, "எடுக்காதேங்கோ!" என்று புருசனுக்குச் சொல்வது. அந்த "எடுக்காதேங்கோ"வில் பழைய கோபம் இருக்கும். அதைக் கேட்கவே திரும்பத் திரும்பப் போடுவேன்.

மாசியில் காலபோக அறுவடை வந்தது. கண் அத்தோடு படுத்தேவிட்டது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் போகும்போது இரண்டு கண்ணும் மூடிக்கொண்டு ஒருநாள் வாய்க்கால் கரையில் மயிரிழையில் தப்பினேன். மனுசி பேசிய பேச்சில் அடுத்த நாளே ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் போய் மர வாங்கில் குந்தினோம்.

டொக்டர் ஒரு இளம் பெண். கதையைக் கேட்டுவிட்டு, மெல்லிய கடதாசித் துண்டு இரண்டை எடுத்து, என் கீழ் இமைகளில் ஒவ்வொன்றாய்க் கொழுவிவிட்டா. கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னா. கண்ணால் கடதாசி நாக்கு நீட்டிக்கொண்டு நான் இருந்த கோலத்தைப் பார்த்து மனுசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு டொக்டர் அவற்றை எடுத்துப் பார்த்தா. ஓரத்தில் மட்டும்தான் ஈரம் ஏறியிருந்தது.

"ஐயா, உங்களுக்குக் கண் வறட்சி."

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, என்ர கண் வாய்க்கால் மாதிரி ஓடுது. நீங்கள் வறட்சி எண்டுறியள்."

அவா கோபிக்கவில்லை. கண்ணில் எப்போதும் ஒரு மெல்லிய நீர் பரவி நிற்க வேண்டுமாம். அது காய்ந்து போகாமல், இமை ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் எண்ணெய் விட்டு மூட வேண்டுமாம். எனக்கு அந்த எண்ணெய் கட்டிப்பட்டு அடைத்துவிட்டது. நீர் நிற்காமல் காய்கிறது, கண் எரிகிறது, எரிச்சல் தாங்காமல் ஒரேயடியாகக் கண்ணீர் கொட்டுகிறது. கொட்டுவது ஓடிவிடும், நிற்காது. வயல்காரனுக்கு இது விளங்காதா? பயிருக்குத் தேவை வயலில் கட்டி நிற்கிற தண்ணீர். வரப்பை உடைத்துக்கொண்டு ஓடுகிற வெள்ளத்தால் நெல்லுக்கு என்ன பிரயோசனம்?

"என்ன மருந்து எடுக்கிறியள்?" என்று கேட்டா. தூசுக்குத் தும்மல் வரும்போது போடுகிற குளிசையைச் சொன்னேன். அதுவும் கண்ணைக் காய வைக்குமாம். சிவப்புக்கு விட்ட மருந்தைக் காட்டினேன். அதை இனித் தொட வேண்டாம் என்று வாங்கி மேசையில் வைத்துவிட்டா. வாய் காய்கிறதா, மூட்டு நோகிறதா என்றும் விசாரித்தா. பிறகு, "போன் கனநேரம் பாப்பீங்களோ?" என்றா.

"செய்தி பாப்பன். கொஞ்சம்," என்றேன்.

"செய்தி!" என்றாள் மனுசி. "மகளின்ர வீடியோ பாக்கிறவர் டொக்டர். மத்தியானம் குந்தினால் பின்னேரம் வரைக்கும். கண் வெட்டாமல். நான் கூப்பிட்டாலும் கேக்காது."

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தா. போனை உற்றுப் பார்க்கும்போது நாங்கள் கண் சிமிட்டுவதையே மறந்துவிடுகிறோமாம். சிமிட்டினால்தான் அந்த எண்ணெய் வெளியில் வந்து பரவும். "உங்கட வருத்தத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் ஐயா. ஃபான் காத்தும் சேந்திருக்கு." நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியம் இதுதான். காலையும் மாலையும் சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பொறுக்கக்கூடிய சூட்டில், மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். ஆற ஆற மாற்ற வேண்டும். பிறகு விரலால் இமையை ஓரம் நோக்கி மெல்ல நீவி, அந்த எண்ணெய்க்கு வழி விட வேண்டும். கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையோரத்தைத் துடைக்க வேண்டும். பகலில் செயற்கைக் கண்ணீர் என்று ஒரு சொட்டு மருந்து, படுக்கும்போது பசைபோல ஒன்று. வயலுக்குப் போகும்போது பக்கமும் மூடிய கறுப்புக் கண்ணாடி. மீன் சாப்பிடலாமா என்று மனுசி கேட்டாள். சாப்பிடுங்கோ, ஆனால் அதை நம்பி மருந்தை விடாதேங்கோ என்றா. இதெல்லாம் செய்தும் சரிவராவிட்டால், கண்ணீர் மூக்குக்குள் வடிகிற துவாரத்தைச் சின்ன அடைப்பு வைத்து மூடலாமாம். எனக்கு அதுதான் பிடித்தது. வாய்க்கால் துலுசின் கதவை மூடித் தண்ணீரைக் கட்டுவது நான் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. அதை முதலே செய்யுங்கோவன் என்றேன். அவசரப்படாதேங்கோ என்று அனுப்பிவிட்டா.

மனுசி அந்தத் துணி வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். என்னைக் கதிரையில் சாய்த்து, கண்ணில் சூட்டை வைத்து, அசையாதேங்கோ என்பாள். வாழ்க்கையில் நான் சும்மா இருந்த நேரம் அதுதான். பார்க்க ஒன்றுமில்லை, செய்ய ஒன்றுமில்லை. மகளைப் பற்றிய நினைவுதான் வரும். அவள் வருவாள், இந்த வாசலால் உள்ளே வந்து, "என்ன அப்பா வீட்டை இப்பிடி வைச்சிருக்கிறியள்" என்று சத்தம் போடுவாள் என்று நினைப்பேன். அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பசிபோல வயிற்றில் இருக்கும். துணி ஆறியதும் எழும்பி, வேலை கிடக்கு என்று போய்விடுவேன்.

சித்திரை பிறந்தபோது கண் நன்றாகிவிட்டது. முழுக்க இல்லை, ஆனால் ஓடவில்லை. நான் அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். போன் அடித்ததும் மனுசிக்கு முன்பே பாய்ந்து எடுத்தேன்.

"பாத்தியோ? ஓடுதோ?"

"இல்லை," என்றாள் மகள்.

"நான் அழவே இல்லை! வருத்தம். கண் வறட்சி!" கடதாசித் துண்டு, எண்ணெய்ச் சுரப்பி, தூசு, தும்மல் குளிசை, ஃபான் எல்லாவற்றையும் வகுப்பு எடுத்தேன். மருந்துப் போத்தலைத் திரைக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். வழக்கில் வென்றவன்போல இருந்தது. இனிப் பயப்படத் தேவையில்லை, இனிச் சண்டை பிடிக்கலாம் என்று அவளுக்கு விளங்கிவிடும் என்று நினைத்தேன். போன் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அது தேவையில்லாத கதை.

அவள் போத்தலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப ஒருநாளும் அழேல்லையோ?"

"நான் ஏன் அழ?"

"சரி அப்பா," என்றாள். "நல்லது. அம்மாட்டைக் குடுங்கோ."

அடுத்த ஞாயிறு அவள் தாயோடு மட்டும் கதைத்தாள். அதற்கு அடுத்ததும் அப்படியே. பிறகு ஒருநாள் நான் வயலால் வந்து கால் கழுவும்போது மனுசி சொன்னாள்: "பிள்ளைக்கு வைகாசிக்கு வரேலாதாம். அடுத்த வருசம் பாப்பம் எண்டவள்."

"லீவு குடுக்கேல்லையோ?"

"லீவு குடுத்திட்டினம். அவள்தான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாளாம்." மனுசி என் முகத்தைப் பார்க்காமல் பானையைக் கவிழ்த்தாள். "அப்பா எனக்காக அழுறார் எண்டு நினைச்சு, இருக்கேலாமல்தானம்மா லீவு கேட்டனான் எண்டு சொல்லுறாள். இவ்வளவு வருசத்தில அப்பா என்னைத் தேடுறார் எண்டு அப்பதான் எனக்குத் தெரிஞ்சது, அதுவும் தூசாப் போச்சு எண்டு சொல்லுறாள்."

"நீ என்ன சொன்னனீ?"

"நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள்தானே போத்தலை ஆட்டி ஆட்டிக் காட்டினீங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. மனுசியில், டொக்டரில், அந்தக் கடதாசித் துண்டில், எல்லாவற்றிலும் வந்தது. வயலுக்குத் திரும்பிப் போய், ஒரு வேலையும் இல்லாமல் வரப்பில் நின்றேன். பூசிய சீமெந்து, வலை அடித்த யன்னல், பேரன் கொள்ளாத கதிரை, ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. பிள்ளை என் அழுகைக்காகத்தான் வர இருந்தாள். நான் அலைந்து திரிந்து, வைத்தியம் செய்து, அது இல்லை என்று நிரூபித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்கு நாங்கள் போன் எடுப்பதில்லை. அங்கேயிருந்துதான் எடுப்பார்கள். இங்கேயிருந்து நேரங்கெட்ட நேரத்தில் ஒரு கோல் போனால் செத்தவீடு என்று அர்த்தம். அந்தப் பின்னேரம் வரப்பில் நின்றபடியே நான் எடுத்தேன். முதல் மணியிலேயே அவள் வந்துவிட்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது. பின்னால் ஆட்கள் ஏறி இறங்குவது தெரிந்தது.

"அப்பா! அம்மாவுக்கு என்ன?"

"அம்மா சமைக்கிறா. இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் எடுத்தனீங்கள்? நெஞ்சு நிண்டுபோச்சு எனக்கு! மத்தியான வேலைக்குப் போறன், ட்ராமில நிக்கிறன்."

"டொக்டர் சொன்னதில பாதியைத்தான் உனக்குச் சொன்னனான்."

அவள் முகம் இன்னும் மாறியது. "மிச்சம் என்ன? பெரிய வருத்தமோ?"

"இல்லை. கண் காஞ்சது போனைப் பாத்தபடியாலாம். கண் வெட்டாமல் பாக்கிறனாம்." இருமிக் குரலைச் சரிசெய்தேன். "போனில நான் வேற என்னத்தைப் பாக்கிறனான்? நீ அனுப்பின வீடியோதானே. ரொட்டி தட்டுறது. அதைத்தான் பாக்கிறனான். ஒவ்வொரு நாளும்."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

"எனக்கு உன்னைத் தேடுது பிள்ளை. கண் ஓடினாலும் ஓடாட்டிலும் தேடுது. நீ போன நாள் தொடக்கம்."

அவள் தொடங்கினாள். "இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலமோ? வாயில என்ன, கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீங்கள்? கண் டொக்டர் வந்தோ உங்களுக்காகச் சொல்லோணும்? மனுசரை இப்பிடியும் வதைக்கிறதோ!" சுற்றி நின்ற வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பொருட்படுத்தவில்லை. அந்தக் குரல்தான். நான் இத்தனை மாதமாகக் கேட்காத குரல். பேசப் பேச அது உடைந்தது.

"அழாதை பிள்ளை," என்றேன்.

"நான் அழத்தான் போறன்," என்றாள் என் மகள். "நீங்கள் போனை வைக்காதேங்கோ."

நான் வைக்கவில்லை.